நாலடித் தண்ணீரில் நடுங்கும் கால்கள்

முப்பது, நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்க வருபவர்களில் தண்ணீர்ப் பயம் உள்ளவரை முதல் நாளே அடையாளம் கண்டுவிடலாம். ஆழம் குறைந்த பக்கம், ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். பக்கத்தில் ஒரு பையன் குதித்து நாலு சொட்டுத் தண்ணீர் தெறித்தால், ஒரு கையை மட்டும் கம்பியிலிருந்து எடுத்து அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பப் பிடித்துக்கொள்வார். நின்றால் தண்ணீர் மார்பளவுதான் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. கால் வழுக்கி மல்லாந்துவிட்டால் அந்த நாலடியில் எப்படி எழுந்து நிற்பது என்று அவருக்குத் தெரியாது. அதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவும் மாட்டார்கள்.

பயத்தை வெல்வது, மன உறுதி, சுயகட்டுப்பாடு என்றெல்லாம் பொதுவாகப் பேசினால் கையில் ஒன்றும் நிற்காது. தண்ணீர்ப் பயத்தை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு படியையும் அடி, விநாடி என்று அளந்து பார்க்கலாம். எது வேலை செய்கிறது, எது கெடுக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

நம் ஊரில் இதற்கென்று ஒரு பழைய வைத்தியம் உண்டு. "தூக்கிக் கிணத்துல போடு, தானா வந்துடும்." அப்படிக் கற்றவர்கள் இருக்கிறார்கள், பெருமையாகச் சொல்லவும் செய்வார்கள். அதே கிணற்றில் அதே மாதிரி தூக்கிப் போடப்பட்டு, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, யாரோ இழுத்துப் போட்டுக் கரையேறி, அதற்குப் பிறகு முப்பது வருடமாகக் குளத்துப் பக்கமே போகாதவர்கள் பேசுவதில்லை. அதனால்தான் அந்த வைத்தியத்துக்கு இவ்வளவு நல்ல பெயர். மூச்சு முட்டியபோது மனம் பதிந்துகொண்டது ஒன்றே ஒன்று: தண்ணீர் என்றால் திணறல். அடுத்த முறை தண்ணீரைப் பார்த்ததும் அந்தப் பதிவுதான் முதலில் எழும்.

உண்மையில் கிராமத்தில் நன்றாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் அப்படிச் செய்யவில்லை. பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையையோ லாரி டியூபையோ கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, பெரியவர் ஒருவர் தானும் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு, முதல் சில நாள் படிக்கட்டைப் பிடித்துக் காலை மட்டும் அடிக்க விடுவார்கள். பிறகு டியூபில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். ஒருநாள் கட்டவே மாட்டார்கள். பிள்ளை அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டான்.

இதே முறையைத்தான் உளவியல் தன் வழியில் கண்டுபிடித்தது. 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறு பையனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டை நாளுக்கு நாள் சற்று நெருக்கமாக வைத்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். 1950களில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசப் வோல்பே இதை முறைப்படுத்தினார். பயப்படும் சூழல்களை ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறுவது அவர் முறை. பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுக்கும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தண்ணீரோடு தொடர்புடைய பத்துப் பன்னிரண்டு காரியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பய எண் போடுங்கள். குளத்தின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது 15 ஆக இருக்கலாம். மார்பளவில் கம்பியை விட்டு நடப்பது 40. முகத்தை உள்ளே விடுவது 55. இரண்டு காலையும் தரையிலிருந்து எடுப்பது 75. ஆழமான பக்கம் 100. வரிசை ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மல்லாந்து மிதப்பது லேசு, சிலருக்கு அதுதான் பெரிய பூதம், காதுக்குள் தண்ணீர் போகும் அந்த 'குளுக்' சத்தமே அவர்களைக் கலக்கிவிடும். உங்கள் பட்டியல் உங்களுடையதாக இருக்கட்டும். பயிற்சியை 30, 40 உள்ள படியில் தொடங்குங்கள். அதற்குக் கீழே தொடங்கினால் மனம் எதையும் கற்காது, 80இல் தொடங்கினால் ஓடிவிடும்.

விதி ஒன்றுதான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது: பயம் உச்சியில் இருக்கும்போது வெளியே வரக்கூடாது. 60 ஏறியதும் படபடத்துக் கரையேறினால் உடனே ஒரு நிம்மதி வருகிறதல்லவா, அந்த நிம்மதிதான் பயத்துக்குப் போடும் தீனி. 'தப்பித்ததால் பிழைத்தேன்' என்று உடம்பு எழுதிவைத்துக்கொள்ளும், நாளைக்கு 70இல் ஆரம்பிக்கும். அதே படியில் அசையாமல் நின்றால் எண் தானாக இறங்கும். சிலருக்கு ஐந்து நிமிடம் ஆகும், சிலருக்கு இருபது நிமிடம்கூட ஆகும். 60 என்பது 30 ஆனபிறகு கரையேறுங்கள். நிற்கவே முடியவில்லை என்றால் ஒரு படி கீழே வந்து, அங்கே எண் இறங்கும்வரை இருந்து, அன்றைய பயிற்சியை அங்கே முடியுங்கள். ஒவ்வொரு நாளும் நோட்டில் மூன்று எண்கள் எழுதவேண்டும்: இறங்குமுன், உச்சத்தில், முடிக்கும்போது.

முதல் வாரத்துக்கு நீச்சல் குளமே வேண்டாம், குளியலறை போதும். தண்ணீர்ப் பயம் உள்ளவர்களில் பலர் குளிக்கும்போதுகூடத் தலையில் ஒரு சொம்பு ஊற்றியதும் முகத்தை வழித்துவிடுவார்கள். கை தானாகப் போகும், அவர்களுக்கே தெரியாது. அந்தக் கையை நிறுத்துவதுதான் முதல் பயிற்சி. ஊற்றுங்கள், வடியட்டும், பத்து எண்ணும்வரை துடைக்காதீர்கள். ஒரு குளியலில் பத்து முறை. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள். பிறகு வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, ஸ்டூல் மேல் வைத்து, வாயால் மூச்சு இழுத்து, முகத்தை உள்ளே வைத்து, மூக்கு வழியாக 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே காற்றை விடுங்கள். முனகும்வரை மூக்கில் தண்ணீர் ஏறாது, உள்ளிருந்து வரும் காற்று அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். மூன்று விநாடியில் தொடங்கி எட்டு விநாடிக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த முனகலை அற்பமாக நினைக்கவேண்டாம். தண்ணீரில் பயந்தவர்கள் செய்யும் முதல் தவறு தம் கட்டுவது. மூச்சைப் பிடித்தால் பாதுகாப்பு என்று உடம்பு நினைக்கிறது. ஆனால் மூச்சுவிடத் துடிக்கும் அந்தத் தவிப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் தீர்ந்துபோனது அல்ல, உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்வது. தம் கட்டினால் அது வெளியே போகாமல் ஏறிக்கொண்டே வரும். பத்து விநாடியில் தவிப்பு வந்துவிடும். தலையைத் தூக்கியதும் பழைய காற்றை விட்டு, புதுக் காற்றை இழுத்து, இரண்டையும் அரை விநாடிக்குள் முடிக்கவேண்டும். முடியாது. பாதி மூச்சில் தலை திரும்ப உள்ளே போகும், இரண்டு மிடறு தண்ணீரும் கூடப் போகும், இருமல், பீதி. 'எனக்கு ஸ்டாமினா இல்லை' என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் குறைவது இந்த ஒரு பழக்கம்தான். உள்ளே இருக்கும்போதே விட்டுவிடு, மேலே வந்து இழுக்க மட்டும் செய். அதே சமயம், வேகவேகமாகப் பெருமூச்சு வாங்கிக்கொண்டு முங்கித் தம் போட்டி வைப்பது ஆபத்து. கார்பன் டை ஆக்சைடு முன்கூட்டியே குறைந்துவிடுவதால் தவிப்பே வராமல், எச்சரிக்கையே இல்லாமல், நீருக்குள் மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட இப்படி இறந்திருக்கிறார்கள்.

குளத்துக்குப் போகும்போது சில சின்ன விஷயங்கள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் தொப்பி வழுக்கிக் கழன்றுவிடும், தண்ணீரும் கெடும். காகிள்ஸை வார் மாட்டாமல் கண்ணில் வைத்து அழுத்திப் பாருங்கள், இரண்டு விநாடி ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்கு அது பொருந்தும். பருத்திச் சட்டையும் பேன்ட்டும் நனைந்தால் கனத்து இழுக்கும், வேண்டாம். வலிப்பு, இதயக் கோளாறு, ஆஸ்துமா, காதுச் சவ்வில் ஓட்டை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்கவேண்டும். பயிற்சியாளரிடம் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: "எனக்குத் தண்ணின்னா பயம் சார். சொல்லாம தள்ளிவிடாதீங்க, பிடிச்ச கையைச் சொல்லாம எடுக்காதீங்க." இதைச் சொல்ல வெட்கப்பட்டு, தைரியசாலி மாதிரி நடிப்பவர்களுக்குத்தான் பயம் நீண்ட நாள் நீடிக்கிறது. அவர்கள் ஏணியில் இல்லாத படியில் காலை வைத்துவிடுகிறார்கள். சிரித்துவிட்டு, "அதெல்லாம் தள்ளிவிட்டாத்தான் வரும்" என்று சொல்லும் பயிற்சியாளர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

தண்ணீரில் இறங்கியதும் நெஞ்சு இறுகும், மூச்சு ஏங்கும். இதைப் பயம் என்று தப்பாக எண்ணிவிடாதீர்கள். மார்பளவுத் தண்ணீர் விலா எலும்புகளை வெளியிலிருந்து அழுத்துகிறது. குளிர்ந்த நீர் தோலில் படும்போது உடம்பு தானாக ஒரு முறை மூச்சை வெடுக்கென்று இழுக்கிறது. யாருக்கும் இப்படித்தான். முதலில் முகம், கழுத்து, மார்பு என்று கையால் அள்ளி நனையுங்கள். இரண்டு நிமிடம் நின்று, நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுங்கள். பிறகு நடங்கள். கம்பியைப் பிடித்துக் குறுக்கே பத்து முறை, ஒரு விரலை மட்டும் கம்பியில் வைத்துப் பத்து முறை, விட்டுவிட்டுப் பத்து முறை.

அடுத்ததாக, மிதப்பதற்கு முன்பே, எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ளவேண்டும். இந்த வரிசையைப் பல இடங்களில் தலைகீழாகச் செய்கிறார்கள், அதனால்தான் பயம் போகாமல் ஒட்டிக்கொள்கிறது. குப்புறக் கிடக்கும் நிலையிலிருந்து நிற்க: முழங்கால் இரண்டையும் வயிற்றை நோக்கி இழு, நீட்டிய கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்து, பாதம் தரையைத் தொட்டபிறகு தலையைத் தூக்கு. பயந்தவர்கள் தலையை முதலில் தூக்குவார்கள். தலை எழுந்தால் முதுகு வளைந்து, கால் பின்னால் நீண்டு, தரை கிடைக்காது. மல்லாந்த நிலையிலிருந்து என்றால், முகவாயை நெஞ்சில் ஒட்டி, முழங்காலை இழுத்து, கைகளால் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் வாரு. நாற்காலியில் உட்காருவதுபோல உடம்பு மடங்கும். பயிற்சியாளர் முதுகைத் தாங்க, ஒவ்வொன்றையும் முப்பது முறையாவது செய்யுங்கள். 'எப்போது வேண்டுமானாலும் என்னால் நிற்க முடியும்' என்பது கால்களுக்குத் தெரிந்த அன்று, 75 போட்டிருந்த படி 40க்கு வந்துவிடும்.

பிறகு ஒரு சோதனை. ஐந்து ரூபாய் நாணயத்தை மார்பளவுத் தண்ணீரில் போட்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து எடுக்க முயன்று பாருங்கள். உட்காரவே முடியாது. பிருஷ்டம் தரையைத் தொடுவதற்குள் தண்ணீர் மேலே தூக்கிவிடும். இத்தனை நாளும் 'இது என்னை உள்ளே இழுக்கும்' என்று பயந்த தண்ணீர், உள்ளே போக விடமாட்டேன் என்கிறது! மனித உடம்பின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீருடையதுதான், நுரையீரலில் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, முகவாயை ஒட்டி, ஆமை மாதிரி சுருண்டால் முதலில் சற்று அமிழ்ந்து, பிறகு முதுகு மெதுவாக மேலே வந்து நிற்கும். அந்த ஐந்தாறு விநாடிக்காகவே இத்தனை நாள் பாடுபட்டோம் என்று சொல்லலாம். மூழ்குபவர்கள் தலையை வெளியே நீட்டப் போராடுவதால் மூழ்குகிறார்கள். தலை நாலைந்து கிலோ, அது தண்ணீரை விட்டு மேலே ஏறினால் அந்த எடையை உடம்பின் மற்ற பகுதி சுமக்கவேண்டும், கால் கீழே போகும்.

இதற்குமேல் வருவது நீச்சல் பாடம்: சுவரை நோக்கி ஐந்தடி தூரத்திலிருந்து வழுக்கி வருவது, இடுப்பிலிருந்து காலடிப்பது, கிக் போர்டு, கை வீசுவது, பக்கவாட்டில் மூச்சு. பயத்தின் கதை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

ஆனால் இதற்கு எத்தனை நாள் ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பதினைந்து நாள் கேம்ப்பில் சேர்த்ததுபோலத் தமக்கும் பதினைந்து நாள் என்று கணக்குப் போட்டு வருகிறார்கள். பயம் இல்லாதவருக்கு அது போதலாம். பயம் உள்ளவருக்கு, வாரம் ஐந்து நாள், நாளைக்கு 45 நிமிடம், இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வதுதான் நேர்மை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஊறிக் கிடப்பது உதவாது. நடுவில் ஆறு நாள் பயத்துக்கு ஓய்வு கொடுத்தால் அது தெம்பாகத் திரும்பி வரும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே செய்யும் அளவுக்கு ஊற சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தவறிய ஒரு நாளைக் காரணம் காட்டி இரண்டாம் நாளும் போகாமல் இருப்பதில்தான் கெடுகிறது.

காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும்போது மனம் ஒருபோதும் 'பயமாக இருக்கிறது' என்று சொல்லாது. 'ராத்திரி சரியாகத் தூங்கவில்லை', 'லேசாகத் தொண்டை கரகரக்கிறது', 'இன்றைக்கு ஆபீஸில் மீட்டிங்' என்றுதான் சொல்லும். பயம் இப்படிச் சோம்பல் வேஷம் கட்டி வரும் என்று முன்பே தெரிந்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் முடிவெடுக்கவே கூடாது, முதல் நாள் இரவே எடுத்து முடித்திருக்கவேண்டும். துண்டு, தொப்பி, காகிள்ஸ், மாற்றுடை எல்லாம் பையில், பை வண்டியில், வண்டிச் சாவி செருப்புப் பக்கத்தில். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று நோட்டில் எழுதி வையுங்கள். மழை பெய்தால் பாத்திரத்தில் முகம் வைக்கும் பயிற்சி இருபது முறை. எண் 70ஐத் தாண்டினால் சுவரைப் பிடித்துப் பத்து நீண்ட மூச்சு. மனமே இல்லை என்றால் குளம்வரை போய், கால் மட்டும் நனைத்துவிட்டு வருவேன். கடைசியில் எழுதிய இந்த வரிதான் பலரைக் காப்பாற்றுகிறது. கால் நனைத்தபிறகு திரும்பி வந்தவர்கள் குறைவு.

பக்கத்து லேனில் எட்டு வயதுக் குழந்தை மீன் மாதிரி போகும். பார்க்காதீர்கள் என்று சொன்னாலும் பார்ப்பீர்கள். அந்தக் குழந்தையின் நோட்டில் உங்கள் 75 இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழமான பக்கத்துக்கு எப்போது போகலாம்? நின்ற இடத்திலேயே கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல ஆட்டி, கைகளைப் பக்கவாட்டில் வீசி, மார்பளவுத் தண்ணீரில் தரையைத் தொடாமல் இரண்டு நிமிடம் இருக்க முடிந்தபிறகு. அப்போதும் நடுவில் போகவேண்டாம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நாளைக்கு ஒரு மீட்டர் மட்டும் கூடுதலாக. ஐந்தடி கோட்டைத் தாண்டும் நாளில் தரை சரிந்து நீலம் அடர்வதைக் கண் பார்க்கும், வயிறு குழையும். தண்ணீர் அதேதான், தூக்கும் விசையும் அதேதான்.

எல்லாப் பயத்தையும் ஒழித்துவிடவேண்டும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சில பயங்களை வைத்திருக்கவேண்டும். மூடப்பட்ட கல்குவாரிக் குட்டை, மணல் அள்ளிய ஆற்றின் திடீர்ப் பள்ளம், தடுப்பணையின் அடிவாரம், அலை திரும்பும்போது ஆளை இழுத்துப்போகும் கடல் நீரோட்டம் ஆகிய இடங்களில் குளத்து நீச்சல் செல்லாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மா சொல்லவில்லை. நண்பர்கள் பத்துப் பேர் குதித்துக் கூப்பிடும்போது, "எனக்கு இந்த இடம் தெரியாது, நான் இறங்கலை" என்று கரையிலேயே நிற்க, குதிப்பதைவிட அதிகமான உறுதி வேண்டும்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் சிலர் ஆழத்தில் சிக்கியபோது, அங்கே துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்து வீசி இழுத்தார்கள். இரண்டு பேரைக் காப்பாற்ற முடிந்தது, இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. மூழ்குகிறவரை நோக்கி நேராகப் பாய்ந்தால் அவர் நம்மைக் கட்டிப் பிடித்து இருவரும் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். கைக்கு எட்டினால் கம்பு, எட்டாவிட்டால் கயிறு, புடவை, மூடிய காலிக் குடம், காலி கேன், எதையாவது வீசவேண்டும். மூழ்குகிறவர் கத்துவார் என்றும் எதிர்பார்க்காதீர்கள், மூச்சுக்கே காற்று இல்லாதவரிடம் சத்தம் எங்கிருந்து வரும்?

கடைசியாக ஒன்று. வென்ற பயம் அழிந்துபோவதில்லை. பழைய பதிவின்மேல் புதுப் பதிவு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அணைந்துபோன பழக்கம் சில காலம் ஓய்வு கொடுத்தால் தானாகத் திரும்புவதை, சத்தம் கேட்டால் எச்சில் ஊறும்படி நாய்களைப் பழக்கிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் அந்த நாய்களிடமே கண்டார். இரண்டு மாதம் குளத்துக்குப் போகாமல் இருந்துவிட்டுத் திரும்பும்போது எண் 20இலிருந்து 50க்கு ஏறியிருந்தால் பழையபடி ஆகிவிட்டதே என்று நோட்டை மூடிவிடாதீர்கள். ஏணியில் இரண்டு படி இறங்கி ஆரம்பியுங்கள், முதல் தடவை ஒரு மாதம் ஆனது இப்போது ஒரு வாரத்தில் முடியும். இடம் மாறினாலும் இப்படித்தான். நீலத் தரை தெரியும் குளத்தில் 10 போட்டவர், பச்சையாக அடி தெரியாத கிணற்றைப் பார்த்ததும் 80 போடுவார். அது தோல்வி அல்ல, புது இடத்துக்குப் புதுக் கணக்கு.

கிணறு என்றால் தனியாக வேண்டாம். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் உள்ளே, ஒருவர் மேலே. டியூபைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையை மோட்டார் ஷெட் தூணிலோ மரத்திலோ இறுக்கி முடியுங்கள். படியில் பாசி இருக்கும், குதிகாலை முதலில் வைக்காமல் முழுப் பாதத்தைப் பதித்து இறங்குங்கள். கடைசிப் படியில் உட்கார்ந்து, இடுப்புவரை நனைந்து, ஒரு கையால் டியூபைப் பிடித்தபடி முகத்தை உள்ளே விட்டு முனகுங்கள். எண் பாதியாகும்வரை அதே படியில் இருங்கள். முதல் நாளைக்கு அது போதும். மேலே ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டு, நோட்டில் மூன்று எண்களையும் எழுதிவிடுங்கள்.